சொல்றவரு மொதல்ல போவாரா?

நவம்பர் 12, புதன்

இந்த டைரி ஹார்டுவேர் கடைக்காரர் கொடுத்தது. ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் சின்னவள் பூனை வரைந்து வைத்திருக்கிறாள். அதனால் பெயரை இங்கே எழுதுகிறேன். தவசிலிங்கம், வயது முப்பத்தொன்பது, அறிவிப்பு ஆட்டோ.

போன வாரம் ஜவுளிக்கடைத் திறப்பு விழா சனிக்கிழமை. நான் ஞாயிற்றுக்கிழமை என்று நாள் முழுக்க ஊருக்குச் சொல்லிவிட்டேன். ரிப்பன் வெட்டும்போது கடைக்காரரும் அவர் மாமனாரும் மட்டும் நின்றிருக்கிறார்கள். "இனிமே யாரு என்ன சொன்னாலும் எழுதி வைங்க" என்று காளீஸ்வரி இந்த டைரியைத் தூசி தட்டிக் கொடுத்தாள். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் அவள் எனக்குக் கொடுத்த பரிசுகளில் இதுதான் கனமானது.

ஆட்டோவின் மேல் இரண்டு குழாய் ஸ்பீக்கர், உள்ளே ஆம்ப்ளிஃபயர். வீட்டில் செல்போனில் குரலைப் பதிவு செய்து பென் டிரைவில் ஏற்றிவிட்டால் அது திரும்பத் திரும்ப ஓடும். நான் ஓட்டினால் போதும். கரண்ட் கட், தள்ளுபடி, காணாமல் போன பசுமாடு, எல்லாவற்றையும் இந்த ஊர் என் குரலில்தான் தெரிந்துகொள்கிறது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் ஓட்டுவேன். பஞ்சு வைக்காதவர்கள் சீக்கிரம் செவிடாகிவிடுவார்கள்.

மாலையில் சுகாதார நிலையத்து நர்ஸ் எஸ்தர் சிஸ்டர் வந்தார். ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாடு முகாம் டிசம்பர் 2 முதல் 4 வரை, அரசு ஆஸ்பத்திரியில். அதை ஊருக்குச் சொல்ல வேண்டும்.

"போன வருஷம் எத்தன பேரு வந்தாங்க சிஸ்டர்?"

"ஒருத்தரு."

"பரவாயில்லயே."

"அவரும் காய்ச்சல் மாத்திரை கேட்டு வந்தவருண்ணே."

காளி உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சிரித்த சத்தம் கேட்டது.

நவம்பர் 13, வியாழன்

மழை. ஒரு குழாய்க்குள் தண்ணீர் போய்விட்டது. அடுப்பருகே காயவைத்தேன். இட்லியில் ஸ்பீக்கர் வாடை அடிக்கிறது என்று பெரியவள் பவித்ரா சாப்பிடவில்லை.

நவம்பர் 15, சனி

காளி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். டிசம்பர் 5-ம் தேதி அவளுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன். எங்கள் ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் பிறகு அவளே முடிவு செய்தது. பொங்கலில் நடந்ததைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை. இது தொழில் டைரி.

கவுண்டரில் இருந்தவர், "வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாம பாரத்த வாங்க முடியாது" என்றாராம். காளி நேராக எஸ்தர் சிஸ்டரிடம் போனாள். அவர் பாரத்தை வரி வரியாகப் படித்துக் காட்டி, அப்படி எந்தச் சட்டமும் இல்லை, உன் கையெழுத்து மட்டும் போதும் என்றார். காளி திரும்பப் போய் அதே கவுண்டரில் கேட்டாளாம்:

"வயிறு என்னுது சார். கையெழுத்து மட்டும் எப்படி அவருது?"

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் "கேளுக்கா, கேளு" என்று சொல்லியிருக்கிறார்கள். பாரத்தை வாங்கிக்கொண்டார். அவளுக்குப் பின்னால் நின்ற நாலு பேருடைய பாரத்தையும் கையெழுத்து கேட்காமல் வாங்கிக்கொண்டாராம். சொல்லும்போது காளியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தேர்தலில் ஜெயித்து வந்தவள் மாதிரி இருந்தாள்.

டாக்டரம்மா வேறு ஒன்று சொல்லியிருக்கிறார். ரத்தம் எட்டரை பாயிண்ட்தான் இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு சிசேரியன். உள்ளே குடலெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். செய்யலாம், ஆனால் ரொம்பக் கவனமாகச் செய்ய வேண்டும். "உன் வீட்டுக்காரர் பண்ணிக்க மாட்டாரா? அது ரொம்பச் சின்னதாச்சே" என்றும் கேட்டாராம்.

"நீ என்ன சொன்ன?"

"கேட்டுச் சொல்றேன்னேன்."

ஆனால் கேட்கவில்லை. இரும்புச்சத்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு துணி மடிக்கப் போய்விட்டாள். நானும் ஆம்ப்ளியைத் துடைக்கப் போய்விட்டேன். அதில் தூசி இல்லை.

நவம்பர் 17, திங்கள்

அறிவிப்பைப் பதிவு செய்தேன். பக்கத்தில் பஞ்சர் கடை சோலைராஜ் ஏதோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்ததால் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். காளி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்பான பொதுமக்களே! ஆண்களுக்கான நவீன கருத்தடை சிகிச்சை. பத்தே நிமிடம். தையல் இல்லை, தழும்பு இல்லை. அன்றே வீடு திரும்பலாம். உங்கள் மனைவியின் உடல்நலம் உங்கள் கையில். ஆண்களே, பயம் வேண்டாம்!"

அந்த "பயம் வேண்டாம்" மிக நன்றாக வந்திருக்கிறது. அதைச் சொன்னதும் எனக்கே தைரியம் வந்தது. செல்லைத் திட்டில் வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். காளி என்னவோ முணுமுணுத்தாள். குக்கர் விசில் அடித்தது. பிறகு பதிவை நிறுத்தினேன்.

நவம்பர் 19, புதன்

காலை

முதல் நாள். என் தொழிலில் இப்படி ஒரு வரவேற்பைப் பார்த்ததில்லை. மில் காலனியில் குழாயடியில் நின்ற பெண்கள் கை தட்டினார்கள். பஸ் ஸ்டாண்டில் பூக்காரப் பெண்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள். பள்ளிக்கூட வாசலில் டீச்சர் ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நல்ல குரலுக்கு எப்போதும் மதிப்பு உண்டு.

மாலை

மதியம் இரண்டு மணிக்குச் சோலைராஜ் நடுரோட்டில் ஆட்டோவை மறித்து என் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கினான்.

"மாப்ள, ஒருவாட்டி முழுசா கேளு."

கேட்டேன். என் குரல், "ஆண்களே, பயம் வேண்டாம்!" பிறகு பூண்டுத் தோல் சரசரப்பு. பிறகு காளியின் குரல், அட்சரம் பிசகாமல், இரண்டு குழாயிலும்:

"சொல்றவரு மொதல்ல போவாரான்னு கேளுங்க."

பிறகு குக்கர் விசில்.

காலை ஏழு மணியிலிருந்து ஊரில் ஒரு தெரு பாக்கியில்லாமல் இதைக் கேட்டிருக்கிறது.

நவம்பர் 20, வியாழன்

நேற்று வீட்டுக்கு வந்து கத்தினேன். காளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வேணும்னு செய்யலீங்க. பூண்டுகிட்ட சொன்னது" என்றாள். பிறகு பிள்ளைகளும் சிரித்தார்கள். கோபத்தை வைத்துக்கொண்டு நான் ஒருவனே எத்தனை நேரம் நிற்பது? நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

காலையில் வெட்டி எடுத்துவிடலாம் என்று செல்லை எடுத்தேன். எஸ்தர் சிஸ்டர் போன் செய்தார்.

"அண்ணே, அந்தக் கடைசி வரிய எடுத்துறாதீங்க! நேத்து மட்டும் இருவத்தாறு பொம்பளைங்க விசாரிச்சிருக்காங்க. மூணு ஆம்பளைங்க வந்தாங்க. யாருக்கும் காய்ச்சல் இல்ல."

"சிஸ்டர், எனக்கு மானம்னு ஒண்ணு…"

"குக்கர் விசிலையும் எடுத்துறாதீங்க."

நவம்பர் 22, சனி

இப்போது பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. என் குரல் "பயம் வேண்டாம்" என்றதும் தெருப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து காளியின் வரியைச் சொல்கிறார்கள். ஒரு குட்டிப்பயல் "உஷ்ஷ்ஷ்" என்று விசிலையும் முடித்துவைக்கிறான்.

டீக்கடையில் கேட்டார்கள். "என்ன தவசி, போவியா?"

"சர்க்கஸுக்கு விளம்பரம் பண்றவன் கம்பி மேல நடக்கணுமாக்கும்?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல பதில் என்று நினைத்து வீட்டில் வந்து சொன்னேன்.

காளி சிரிக்கவில்லை. "சர்க்கஸ்ல யாரு வயித்தயும் ரெண்டு தடவ கிழிக்கலயே" என்றாள்.

நவம்பர் 24, திங்கள்

பகலில் என் அக்கா செல்லத்தாய் வந்தாள். மூன்றாவது தெருவில்தான் இருக்கிறாள். வரும்போதே குரல் முன்னால் வந்தது.

"ஏண்டா தம்பி, ஊரே சிரிக்குது. ஆம்பள போயி அதப் பண்ணிக்கிட்டா நாளைக்கு ஒரு சிலிண்டரத் தூக்க முடியுமா? அதுவும் ஒரு ஆம்பளப் புள்ள இல்லாத வீட்டுல! இன்னும் ஒருவாட்டி பாத்தா என்ன?"

காளி அவளுக்குக் காப்பியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"மதினி, பங்குனியில அந்த இன்னும் ஒருவாட்டியத்தான் பாத்தோம். நீங்கதான் என்னயத் தூக்கி ஏதோ ஒரு ஆட்டோவுல போட்டீங்க. உங்க சேலை பூரா ரத்தம். மறந்துட்டீங்களா?"

அக்கா காப்பியைக் குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் கத்திரிக்காய்க் குழம்பு. உப்பு சரியாக இருந்தது.

சரி, எழுதிவிடுகிறேன். பங்குனிப் பொங்கல் அன்று நான் பொருட்காட்சி அறிவிப்புக்குப் போயிருந்தேன். காளிக்கு நாலாவது மாதம். ஒரு பையன் வேண்டும் என்று கேட்டது அக்கா மட்டும் அல்ல, நானும்தான். காலை பத்து மணிக்கு அவளுக்கு உதிரப்போக்கு ஆரம்பித்தது. பதினோரு தடவை எனக்குப் போன் செய்திருக்கிறாள். செல் சட்டைப் பையில்தான் இருந்தது. காதில் பஞ்சு. மேலே என் குரல் ஓடிக்கொண்டிருந்தது, "அனைவரும் வாரீர், குடும்பத்தோடு வாரீர்" என்று. பன்னிரண்டேகாலுக்கு டீ குடிக்க நிறுத்தியபோதுதான் பார்த்தேன்.

அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. காளி பிழைத்தது எஸ்தர் சிஸ்டர் செய்த புண்ணியம்.

இன்றுவரை அவள் அந்தப் பதினோரு தடவையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நவம்பர் 25, செவ்வாய்

பஞ்சு வாங்கவில்லை.

நவம்பர் 27, வியாழன்

பஞ்சர் கடையில் கூட்டம். டியூபை மாற்றுகிறார்களோ இல்லையோ, என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள். அறிவிப்புச் செய்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பு. மூட்டை தூக்கலாமா? சைக்கிள் மிதிக்கலாமா? ஒருவர் மட்டும் எல்லாரும் போகும்வரை இருந்து, காதருகே வந்து, "மத்தபடி… எல்லாம் பழையபடிதானா?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு எஸ்தர் சிஸ்டரிடம் போனேன்.

இரண்டு நாள் ஓய்வு. ஒரு வாரம் பாரம் தூக்கவும் சைக்கிள் மிதிக்கவும் வேண்டாம். அப்புறம் சிலிண்டர் என்ன, ஆட்டுக்கல்லையே தூக்கலாம். பலம் குறையாது. மற்றதெல்லாம் பழையபடிதான். மூன்று மாதம் மட்டும் வேறு பாதுகாப்போடு இருக்க வேண்டும், பிறகு ஒரு டெஸ்ட்.

"இன்னொண்ணு சிஸ்டர். என் ஃபிரெண்டு ஒருத்தன். ஊசின்னாலே பயப்படுவான்."

"வயசென்ன அவருக்கு?"

"முப்பத்தொம்பது."

"ரெண்டும் பொண்ணுங்களா?"

"ஆமா."

"ஆட்டோ ஓட்டுறாரா?"

நான் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். "பயப்படட்டும்ணே, தப்பில்ல" என்றார் சிஸ்டர். "உங்க ஃபிரெண்டோட சம்சாரமும் ஒவ்வொரு தடவையும் பயந்துக்கிட்டுதான் வந்தா. ஆனா வந்தா."

டிசம்பர் 1, திங்கள்

காளி ஐந்தாம் தேதிக்காகப் பையைக் கட்டி வைத்திருக்கிறாள். இரண்டு நைட்டி, பிளாஸ்க், டம்ளர், சீப்பு, பழைய சேலை ஒன்று. பிள்ளைகளுக்கு யார் தலை சீவுவது, இட்லி மாவு எந்த டப்பாவில், எல்லாம் எனக்குச் சொன்னாள். சின்னவள் தர்ஷினி தன் பூனைப் பொம்மையை அந்தப் பைக்குள் திணித்தாள், அம்மாவுக்குத் துணைக்கு.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லாம இருக்குமா?" என்றாள். "இருந்தா என்ன, எனக்கு வேணும்னுதான போறேன்."

எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. இதைவிட வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

யாருக்கும் தெரியாமல் போய்வந்துவிடலாம் என்பதுதான் திட்டம். காலையில் வழக்கம்போல் அறிவிப்புக்குக் கிளம்பினேன். பெரிய தெரு, மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு. பத்தரை மணிக்கு, இன்னும் யோசித்தால் போகமாட்டேன் என்று தெரிந்துவிட்டது. வண்டியை ஆஸ்பத்திரி கேட்டுக்குள் திருப்பினேன்.

பதற்றத்தில் ஆம்ப்ளியை நிறுத்த மறந்துவிட்டேன்.

வெளியில் பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண்கள், மருந்துக்கு வரிசையில் நின்றவர்கள், இளநீர்க்காரர், அத்தனை பேர் முன்னாலும் நான் இறங்குகிறேன். மேலே காளி கேட்கிறாள்: "சொல்றவரு மொதல்ல போவாரான்னு கேளுங்க." விசில்.

பிறகு பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒரு கிழவி கத்தினாள். "அடியே, போறான்டி!"

அப்படி ஒரு கைதட்டலை நான் எந்தக் கட்சிக் கூட்டத்திலும் கேட்டதில்லை. திரும்பிப் போக வழியே இல்லை. ஓடிப்போய்ச் சாவியைத் திருகி நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.

அதே கவுண்டர். அதே ஆள். பாரத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

"சம்சாரம் கையெழுத்து வேணுமா சார்?"

"எதுக்கு? உங்க உடம்பு, உங்க இஷ்டம்" என்றார் நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். எனக்குக் கேட்காமலே கிடைத்தது. காளி இதே இடத்தில் சண்டை போட்டு வாங்கியிருக்கிறாள். "இதையே பொம்பளைங்ககிட்டயும் சொல்லுங்க சார்" என்றேன். அவர் இப்போது நிமிர்ந்து பார்த்தார். பின்னால் நின்ற பெண் "நல்லாக் கேளுங்கண்ணே" என்றாள்.

உள்ளே நடந்தது: ஒரு ஊசி. எறும்பு கடித்த மாதிரி என்று டாக்டர் சொன்னார். பெரிய எறும்பு. பிறகு ஒன்றும் தெரியவில்லை. சுவரில் கடிகாரம் இருந்தது. பத்தே நிமிடம் என்று ஊருக்குச் சொன்னது பொய், பன்னிரண்டு நிமிடம். எஸ்தர் சிஸ்டரிடம் புகார் செய்தேன். "அதுல ரெண்டு நிமிசம் நீங்க என் கைய விடாம புடிச்சிருந்தீங்கண்ணே" என்றார்.

வெளியே வந்தால் ஆட்டோவின் பின்சீட்டில் காளி உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாப்பிலிருந்து யாரோ போன் செய்திருக்கிறார்கள். டிரைவர் சீட்டில் சோலைராஜ், பல் முப்பத்திரண்டும் தெரிய.

காளி இறங்கி வந்தாள். என் கையைப் பிடித்து மெதுவாக ஏற்றி உட்காரவைத்தாள். பாதி வழியில்தான் கேட்டாள்.

"எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

"சொன்னா பயந்து நின்னுருவேன் காளி."

"நான் கூட வந்திருப்பேன்ல?"

"நீ கூப்பிட்டப்ப நான் வரல" என்றேன். "பதினோரு தடவ."

அவளுக்குப் புரிந்தது. ஆட்டோவிலேயே அழுதாள். நானும் அழுதேன். கண்ணாடியில் பார்த்த சோலை, "வலிக்குதா மாப்ள?" என்று கேட்டான். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கும்போது கொஞ்சம் வலித்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காளி அந்தப் பையைப் பிரித்தாள். நைட்டிகளைக் கொடியில் போட்டாள். பூனையை எனக்குத் துணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

டிசம்பர் 3, புதன்

படுக்கை. பாயில் ராஜா மாதிரி. அக்கா தூக்குவாளியில் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வேறு ஆளாக மாறியிருப்பேன் என்று எதிர்பார்த்தாள்போல.

நான் குடித்து முடித்ததும் வாளியைக் கழுவிவிட்டு வந்து தரையைப் பார்த்துச் சொன்னாள்: "எம் மக தனலச்சுமிக்கும் ரெண்டு பிரசவமும் ஆபரேசன்தான். அவ புருசங்கிட்ட… நீ ஒரு வார்த்த பேசுறியா தம்பி?"

"பேசுறேன்க்கா."

"நான் சொன்னேன்னு சொல்லாத."

டிசம்பர் 4, வியாழன்

கடைசி நாள் அறிவிப்பு நிற்கக் கூடாது. நான் ஓட்டக் கூடாது. சோலை ஓட்டினான், காளி மைக்கைப் பிடித்தாள். என் வண்டியிலிருந்து நேரடியாகப் பேசிய முதல் பெண் குரல்.

எனக்கு இருபது வருடத் தொழில். என் மைக் செட் எங்கள் தெருவுக்குள் வரும்போது வீட்டுக்குள் எப்படிக் கேட்கும் என்று இன்றுதான் தெரிந்தது. நன்றாகக் கேட்கிறது. ஒவ்வொரு எழுத்தும்.

"அக்காமாரே, தங்கச்சிமாரே! இன்னைக்கி ஆம்பளைகளுக்குக் கடைசி நாளு. ஆனா உங்களுக்கு எல்லா நாளும் உண்டு. ஆபரேசன் வேணும்னாலும் சரி, வேணாம்னாலும் சரி, அது உங்க முடிவு. உங்க உடம்புக்கு உங்க கையெழுத்து போதும். புருசன் கையெழுத்து கேட்டா என்னயக் கூப்பிடுங்க, நான் வாரேன்!"

தன் செல் நம்பரையும் சொல்லிவிட்டாள். பைத்தியக்காரி. எனக்கு இருந்த பெருமையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கக் கூடாது என்று பவித்ரா அதட்டினாள்.

பிறகு என் பழைய குரல், "ஆண்களே, பயம் வேண்டாம்!" பூண்டு சரசரப்பு. "சொல்றவரு மொதல்ல போவாரான்னு கேளுங்க." குக்கர் விசில். அதற்கு மேல், தெருப் பிள்ளைகள் மொத்தமும் சேர்ந்து, எங்கள் வீட்டைப் பார்த்து:

"போயிட்டு வந்துட்டாரு!"

இரவு எஸ்தர் சிஸ்டர் போன் செய்தார். இந்த வருடம் ஏழு பேர். ஒருவர்கூடக் காய்ச்சல் மாத்திரைக்கு வரவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

பழைய டைரியில் பக்கம் மிச்சமிருக்கிறது, அதிலேயே எழுதுகிறேன். போன வாரம் டெஸ்ட் ரிசல்ட் வந்தது. எல்லாம் சரி.

காளிக்கு ரத்தம் பதினொன்றைத் தொட்டுவிட்டது. செவ்வாய்க்கிழமைகளில் ஆஸ்பத்திரிக் கவுண்டர் பக்கம் நிற்கிறாள், பாரம் கொடுக்க வரும் பெண்களுக்குத் துணையாக. அந்த ஆள் இப்போது இவளைக் கண்டாலே பேனாவை எடுத்துக் கொடுத்துவிடுகிறாராம்.

மறுபடி பங்குனிப் பொங்கல் வருகிறது. இன்று பொருட்காட்சி அறிவிப்பு. குழாய் இரண்டையும் பின்பக்கம் பார்க்கத் திருப்பிக் கட்டிவிட்டேன், சத்தத்தையும் குறைத்துவிட்டேன். காதில் பஞ்சு இல்லை. மார்க்கெட் முனையில், பேரிரைச்சலுக்கு நடுவில், சட்டைப் பையில் செல் அதிர்ந்தது. காளி.

ஒரே ரிங்கில் எடுத்தேன்.

"என்னங்க, இவ்வளவு சீக்கிரமா எடுத்துட்டீங்க?" என்றாள்.

"சொல்லு."

"ஒண்ணுமில்ல. வரும்போது ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிட்டு வாங்க."